மண் அணைக்க வந்த பஸ்

ஆகஸ்ட் 3

உரக்கடையில் கொடுத்த டைரி இது. வாய்க்கால் தண்ணீர் முறை, புண்ணாக்கு போட்ட நாள், மாட்டுக்குச் சினை ஊசி போட்ட தேதி, இவ்வளவுதான் இதுவரை எழுதி வந்தேன். இன்றைக்கு வேறு எழுதப் போகிறேன். காலையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. கத்த வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது.

இவர் ஒரு டெம்போ நிறையப் பழைய இரும்பைக் கொண்டுவந்து வாசலில் கொட்டியிருக்கிறார். பஸ்ஸின் ஸ்பிரிங் பட்டை, பிரேக் டிரம், சீட்டுக் குழாய், கிழிந்த ரெக்சின், எங்கோ பிய்த்துப்போட்ட சட்டிக் கலப்பையின் துருப்பிடித்த வட்டச் சட்டி இரண்டு. நான் துணி காயப்போடுகிற இடம் பழைய இரும்புக் கடை ஆகிவிட்டது.

அரசு பஸ் டிப்போவில் ஃபிட்டராக இருந்து மே மாதம் ஓய்வு பெற்று வந்தார். வந்ததும் என்னைக் கேட்காமல் ஒரு மினி டிராக்டர் வாங்கினார். இப்போது மஞ்சளுக்கு மண் அணைக்கிற கருவியைத் தன் கையாலேயே செய்து அதன் பின்னால் மாட்டப் போகிறாராம். கடையில் கிடைப்பதெல்லாம் தகரமாம்.

மஞ்சள் நட்டு இரண்டு மாதம் ஆகப் போகிறது. இந்த மாதக் கடைசிக்குள் அடிக்கு மண் ஏற்ற வேண்டும். கிழங்கு வெயில் பார்த்தால் பச்சை ஏறி வீணாகும், பக்கத்தில் விரல் விரலாக விரலிக் கிழங்கு விடாது. வருஷா வருஷம் பாவாயி தன் கூட்டத்தோடு வந்து நாலு நாளில் அணைத்துவிட்டுப் போவாள். எங்கள் பக்கத்தில் மண் அணைக்கிற கூட்டத்துக்குத்தான் தை மாதம் கிழங்கு வெட்டுகிற வேலையும். இப்போது வேண்டாமென்றால் அப்போது கூப்பிட வாய் கிடையாது. இதை இவரிடம் சொன்னேன். அதற்கென்ன, கிழங்கு வெட்டவும் ஒன்று செய்துவிடலாம் என்கிறார்.

ஆகஸ்ட் 6

கேட்டின் கீல் ஒன்றைக் காணோம். அது அங்கே சும்மாதானே இருந்தது என்கிறார். கேட் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது, மாடு ரோட்டுக்குப் போய்விட்டது.

ஆகஸ்ட் 9

மாட்டுத் தொழுவத்தை டிப்போ ஆக்கிவிட்டார். எட்டு மணிக்கு டூட்டி ஆரம்பம். பத்தரைக்கு ஒரு டீ, மூன்றரைக்கு ஒரு டீ. கொஞ்சம் தாமதமானால் தொழுவத்து வாசலில் வந்து நின்று வீட்டைப் பார்க்கிறார். வாயைத் திறந்து கேட்கவும் மாட்டார். அந்தப் பார்வைக்கே எனக்கு ஆத்திரம் வருகிறது.

வெல்டிங் வைத்தால் மோட்டாருக்குக் கரண்ட் பத்துவதில்லை. மோட்டார் போட்டால் வெல்டிங் நிற்கிறது. தண்ணீர் கட்டிக்கொண்டிருக்கும்போது இரண்டு தடவை ஃபியூஸ் போயிற்று. பாதிப் பாத்தி நனைந்து பாதி காய்ந்து கிடக்கிறது. மாடு சத்தத்துக்குப் பயந்து பாலை அடக்கிக்கொண்டது. இவர் மாட்டின் மேல் குறை சொல்கிறார்.

வீட்டு வேலையிலும் உதவுகிறேன் என்று காலையில் அரிசி அளந்து போடுகிறார். டம்ளரின் தலையை விரலால் வழித்து, டீசல் அளப்பதுபோல் அளக்கிறார். நான் கையால் அள்ளிப் போட்டு முப்பது வருஷம் இந்த வீட்டில் ஒருத்தரும் பட்டினி கிடக்கவில்லை.

ஆகஸ்ட் 13

இன்றைக்குக் கருவியை முதன்முதலாக டிராக்டரில் மாட்டினார். திட்டம் என்னவோ எளிதுதான். இரண்டு சட்டியையும் எதிரெதிராகச் சாய்த்து வைப்பது. டிராக்டர் ஒரு வரிசைச் செடியைக் கால்களுக்கு நடுவில் விட்டுக்கொண்டு போகும்போது, பின்னால் வருகிற சட்டிகள் இரண்டு பக்கத்து மண்ணையும் செடியின் அடிக்குத் தள்ள வேண்டும்.

சட்டி கெட்டிதான். ஆனால் அதைத் தாங்க இவர் வைத்த சட்டம் முழுக்கப் பஸ் பட்டை. ஒன்றல்ல, மூன்று பட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வெல்டிங் வைத்திருக்கிறார். ஐம்பது பேர் ஏறித் தொங்குகிற வண்டிக்குச் செய்தே பழகிய கை, நாலு பிடி மண்ணைத் தள்ளுவதற்கும் அதே கனத்தில் செய்திருக்கிறது. கருவியை மேலே தூக்கும் கம்பியை இழுத்தார். கருவி அப்படியே தரையில் இருந்தது. டிராக்டரின் முன்சக்கரங்கள்தான் மெதுவாக மேலே போயின. இவர் சீட்டில் உட்கார்ந்தபடியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம், ஆனால் அடுத்த நிமிஷம் என் ஆட்டுக்கல்லை உருட்டிக்கொண்டு போய் முன் பம்பரில் கயிறு போட்டுக் கட்டினார். கல்லுக்கும் கருவிக்கும் நடுவில் டிராக்டர் நசுங்கிப் புகை விட்டது. ஆட்டுக்கல்லை இறக்கி வைத்தால்தான் சோறு என்றேன். சாயங்காலம் இறக்கி வைத்தார், குழவி மட்டும் இன்னும் வரவில்லை.

ஆகஸ்ட் 15

பாவாயி வந்தாள். என் வயதுதான், ஒரு வருஷம் முன்னே பின்னே இருக்கும். நான் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து என் மஞ்சள் காட்டில் மண் அணைக்கிறாள். இவர் டிப்போவில் நைட் டூட்டி பார்த்த காலத்தில் எனக்குப் பிரசவ வலி வந்தபோது வண்டி பிடித்து ஏற்றிவிட்டதும் அவள்தான்.

எந்தத் தேதிக்கு வரட்டும் என்று கேட்டாள். இருபத்தைந்து என்றேன். அவள் கண் வாசலில் கிடந்த இரும்பின் மேல் போயிற்று. அது என்னவென்று கேட்டாள். பொழுது போகாமல் செய்கிற விளையாட்டுச் சாமான் என்று சொன்னேன். சிரித்தாள், ஆனால் போகும்போது திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மண் அணைக்கிற நாலு நாளும் ஆளுக்கொரு வரிசை பிடித்து, நான் பாவாயிக்குப் பக்கத்து வரிசையில் நிற்பேன். ஊரில் ஒரு வருஷத்தில் நடந்ததெல்லாம் அந்த நாலு நாளில் என் காதுக்கு வந்துவிடும். மதியத்துக்குப் பதினொரு பேருக்கும் சேர்த்துப் புளிக்குழம்பு வைப்பேன். வேலை ஒன்றும் லேசில்லை, முதுகு ஒடிந்துபோகும். அதை யாராவது விரும்பிச் செய்வார்களா என்று இவர் கேட்கிறார்.

ஆகஸ்ட் 18

இரண்டு பட்டையை அறுத்து எடுத்துவிட்டார். ஒன்று போதுமாம். அதை நான் பதின்மூன்றாம் தேதியே சொன்னேன்.

இப்போது டேப்பைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கி வரிசைக்கு வரிசை அளந்தார். மேல் தலையில் ஒரு அளவு, நடுவில் ஒரு அளவு, வாய்க்கால் பக்கம் ஒரு அளவு வருகிறதாம். ஏன் நேராக நடவில்லை என்று என்னைக் கேட்டார். தண்ணீர் எப்படி ஓடுமோ அப்படித்தான் நட்டேன், இந்தக் காட்டில் பஸ் ஓடும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை என்றேன். பதில் பேசாமல் போய்ச் சட்டிகளை நகர்த்தி வைக்கிற மாதிரி ஓட்டை போட்டார். கோபத்தில் சொன்னதைக்கூட இவர் வேலைக்கு எடுத்துக்கொள்கிறார், இவரிடம் எப்படிச் சண்டை போடுவது.

இலை கிழியாமல் இருக்க டிராக்டரின் அடிவயிற்றில் பஸ் சீட்டு ரெக்சினை இழுத்துக் கட்டியிருக்கிறார். கோணி ஊசி நூல் முழுவதும் காலி.

ஆகஸ்ட் 21



காலையில் ரேஷன் கடையில் தெக்காலத் தோட்டத்து நாச்சிமுத்துவின் சம்சாரத்தைப் பார்த்தேன். தன் காட்டுக்கு இருபத்தைந்தாம் தேதியிலிருந்து பாவாயி கூட்டம் வருகிறது என்று சந்தோஷமாகச் சொன்னாள். இருபத்தைந்து என் தேதி. வீட்டுக்கு வந்து கேட்டால், இவர் ஸ்பேனரைக்கூடக் கீழே வைக்காமல், ஆமாம் நான்தான் சொன்னேன் என்கிறார். இரண்டு நாளைக்கு முன்னால் பஸ் ஸ்டாப்பில் பாவாயியைப் பார்த்தாராம். இந்த வருஷம் ஆள் வேண்டாம், மிஷின் வந்தாச்சு என்று சொல்லிவிட்டாராம்.

"இனி நீ ஒருத்தருக்கும் சோறாக்கிப் போட வேண்டாம், தேதி கேட்டுக் கெஞ்சவும் வேண்டாம்" என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்குப் புடவை எடுத்துக் கொடுத்த நாளில்கூட அந்த முகம் இல்லை.

அப்படியே பாவாயி வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னாள், மோர் கொடுத்தாள். எல்லாம் வழக்கம்போல்தான். ஆனால் பேச்சில் மட்டும் ஒரு மரியாதை புதிதாக வந்திருந்தது. இவர் சொன்னதை மறந்துவிடு, இருபத்தைந்துக்கு வா என்றேன்.

"நாச்சிமுத்து காட்டுக்கு வாக்குக் குடுத்தாச்சுங்க அம்மிணி. அது ஒண்ணாந்தேதி முடியும்" என்றாள்.

முடிந்த மறுநாள் வா, அதுவரை மஞ்சள் தாங்கும் என்றேன்.

"மிசினு நிக்கற காட்டுல நாங்க வந்து நின்னா என்ன பேசுவாங்க? வேண்டாமுன்னு சொன்ன பொறகும் வேலையில்லாம வந்து நிக்கறாளுகன்னு பேச மாட்டாங்களா? என்ற கூட வர்றவளுக கேப்பாளுக. நான் என்னத்தச் சொல்லட்டும்?"

மோரைக் குடித்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் இவரைத் திட்டிக்கொண்டே வந்தேன், வீட்டுக்கு வந்தும் திட்டினேன். இவர் தலையைக் குனிந்துகொண்டு, அவர்கள் வராவிட்டால் என்ன, நான் முடித்துக் கொடுக்கிறேன் என்கிறார். நான் எதற்குக் கத்துகிறேன் என்பதே இவருக்குப் புரியவில்லை.

ஆகஸ்ட் 22

இவரோடு பேச்சு இல்லை. பத்தரை டீ மட்டும் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 24

கருவி காட்டில் இறங்கியது.

முதல் வரிசையில் சட்டி நெருங்கி மண்ணை வாரி இறைத்து, செடியே தெரியாமல் மூடிவிட்டது. நான் பின்னாலேயே மண்டி போட்டு ஒவ்வொரு செடியாகத் தோண்டி எடுத்தேன். இலையின் மடிப்பிலெல்லாம் மண். இவர் இறங்கி வந்து பார்த்துவிட்டு, சட்டியை ஒரு ஓட்டை தள்ளி மாட்டினார். இரண்டாவது வரிசையில் மண் பத்தவில்லை. மறுபடி சாய்வை மாற்றினார். அவசரமே படுவதில்லை இந்த மனிதர். வெயிலில் நின்று பார்க்கிற எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது.

மூன்றாவது வரிசை போன பிறகு குனிந்து கை வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் மண் ஏறி, அடிக்கிழங்கு மூடி, இலை ஒன்றும் கிழியாமல் நின்றது. பாவாயி அணைத்ததற்கும் இதற்கும் வித்தியாசம் சொல்ல வேண்டுமென்றால் யோசிக்க வேண்டும். யோசித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

இவர் டிராக்டரை நிறுத்திவிட்டு, எப்படி என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். நாளைக்கு ஆரம்பித்தால் நாளை மறுநாள் மத்தியானத்துக்குள் காடு முழுவதும் முடிந்துவிடும் என்றார். கருவியின் மேல் சாக்பீஸால் தகுதி என்று எழுதித் தேதியும் போட்டார். டிப்போவில் அப்படித்தான் எழுதுவார்களாம்.

ஆகஸ்ட் 25

வேலை ஆரம்பிக்கவில்லை. மேல் பின்னைக் காணோம்.

கருவியை டிராக்டரோடு மேலே சேர்த்துப் பிடிக்கிற இரும்பு முளை அது. டிராக்டரோடு வந்த பின் இவருடைய கருவிக்குச் சேராது, ஏனென்றால் ஓட்டையும் பஸ் கணக்கில்தான் போட்டிருக்கிறார். அதனால் பட்டறையில் கடைசல் பிடித்துத் தனியாகச் செய்தது. நேற்றுச் சாயங்காலம் துடைத்து, எண்ணெய் போட்டு, தொழுவத்து ஜன்னலில் வைத்தாராம். காலையில் இல்லையாம்.

தொழுவத்தைக் கவிழ்த்துப் போட்டார். இரும்புக் குவியலைப் புரட்டினார். வைக்கோலை உதறினார், சாணிக் குழியில் கை விட்டார். பிறகு வீட்டுக்குள் வந்து கட்டிலுக்கடியில், பரணில், விறகில் என்று அரிசி டின் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். சாமான் அறைக்குள் அந்தக் கையோடு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஏதாவது ஒரு போல்ட்டைப் போட்டு ஓட்ட வேண்டியதுதானே என்று நாச்சிமுத்து சொல்லிவிட்டுப் போனார். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. போல்ட் வெட்டிக்கொண்டு போனால் கருவி ஆள் மேல் விழுமாம். வேறு பின் கடையலாமென்றால் பட்டறைக்காரர் தங்கை கல்யாணத்துக்காகக் கடையைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஆவணியில் எல்லாருக்கும் கல்யாணம்.

நான் என்னத்தைக் கண்டேன். எனக்கு ஆயிரம் வேலை.

ஆகஸ்ட் 26

மேற்கே மேகம் கட்டுகிறது. மழை பிடித்துக்கொண்டால் எங்கள் களிமண்ணில் மிஷினும் போகாது, மண்வெட்டியும் போகாது. ஒண்ணாந்தேதி வரைக்கும் பெய்யாமல் இருந்தால் போதும்.

காலையில் இவர் அரிசி அளந்து போட வந்தார். நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 27

காடு முழுக்கக் காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு நடந்தார். அந்த மூன்று வரிசையிலும் ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்த்தார். ஜன்னலில் வைத்தது காட்டில் எப்படிக் கிடைக்கும் என்று கேட்டேன். ஒருவேளை ஜன்னலில் வைக்கவே இல்லையோ என்னவோ என்றார்.

எனக்கு அது முதலில் உறைக்கவில்லை. மதியம் சோற்றை அளைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார்.

"இத்தன வருச சர்வீஸ்ல என்ற கையில ஒரு நட்டு காணாமப் போனதில்ல. வெச்ச எடம் கண்ணுக்குள்ள இருக்கும். இப்ப ஜன்னல்ல வெச்ச மாதிரியும் இருக்குது, வெக்காத மாதிரியும் இருக்குது."

இவருடைய அண்ணன் கடைசி இரண்டு வருஷம் அப்படித்தான் இருந்தார். முதலில் சாவியைத் தேடினார், பிறகு செருப்பைத் தேடினார். கடைசியில் ஒருநாள் ஈரோடு பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, பக்கத்து டிப்போவிலேயே வேலை செய்கிற தம்பியின் பேரைச் சொல்லத் தெரியாமல் அழுதார். கூட்டிக்கொண்டு வந்தது இவர்தான். அந்த நாளைப் பற்றி இவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

வயதானால் எல்லாருக்கும் மறப்பதுதான், ஒரு பின் போனால் என்ன என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். ஆள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. மூன்றரைக்கு டீ கொண்டுபோனால் தொழுவத்து வாசலில் வந்து நிற்கவும் இல்லை.

ஆகஸ்ட் 28

பின் கிடைத்துவிட்டது. தொழுவத்தில் மாட்டுத் தொட்டிக்குப் பின்னால் கிடந்தது. சாணி அள்ளும்போது நான்தான் பார்த்தேன்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். இதோடு விட்டது, நாளைக்கு ஓட்டிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். இவர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"தொட்டிக்குப் பொறகாலயா?" என்றார். "அங்க நாலு வாட்டி பாத்தனே. குனிஞ்சு பாத்தேன், கைய உட்டுப் பாத்தேன். கண்ணு முன்னால இருந்தது எனக்குத் தெரியலியா?"

இருட்டில் தெரிந்திருக்காது என்றேன். பகலில்தான் பார்த்தேன் என்றார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 30

டிராக்டர் சாவியைக் கொண்டுவந்து சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டார். நேற்றும் ஓட்டவில்லை, இன்றும் ஓட்டவில்லை. மறதி உள்ளவன் வண்டியைத் தொடக் கூடாது என்கிறார். கண் தெரியாதவனையும் நினைவு தப்புகிறவனையும் டிப்போவில் வண்டிக்கடியில் விடமாட்டார்களாம். யாராவது கேட்டால் டிராக்டரைக் கொடுத்துவிடலாம், கருவியை இரும்புக் கடைக்கே போட்டுவிடலாம் என்றார்.

பெங்களூரில் இருக்கிற மகளுக்கு இவரே போன் போட்டு, அண்ணனைக் காட்டிய டாக்டர் இன்னும் இருக்கிறாரா என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறார். அவள் என்னைக் கூப்பிட்டு அழுகிறாள். ஒன்றுமில்லை, உங்கப்பாவுக்குப் பொழுது போகவில்லை என்று கத்தி போனை வைத்தேன்.

வாசலில் வெல்டிங் சத்தம் இல்லை. மோட்டார் தடங்கலில்லாமல் ஓடுகிறது. மாடு முழுப்பாலும் கறக்கிறது. மே மாதத்துக்கு முன்னால் வீடு இப்படித்தான் இருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 31

இந்த டைரியில் எழுதாததை இன்றைக்கு இவரிடம் சொன்னேன்.

காலையில் அரிசி அளந்துகொண்டிருந்தார். டம்ளரை வழித்துப் போட்டுவிட்டு, எத்தனை டம்ளர் போட்டேன் என்று என்னைக் கேட்டார். பார்க்கவில்லை என்றேன். உலையிலிருந்து அத்தனையையும் வடிகட்டி எடுத்து, மறுபடி முதலிலிருந்து அளக்க ஆரம்பித்தார். ஈர அரிசி விரலெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை.

"ஏனுங்க, பின்ன எடுத்தது நாந்தானுங்க. அன்னிக்கு விடியறதுக்கு முன்னாலயே எடுத்து இந்த அரிசி டின்னுக்குள்ள போட்டுட்டேன். தொட்டிக்குப் பொறகால இல்லவே இல்லீங்க."

டம்ளரைக் கீழே வைத்தார். என்னை அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

"அப்ப எனக்கு ஒண்ணுமில்ல?" என்று கேட்டார்.

ஒன்றுமில்லை என்றேன். ஜன்னலில்தான் வைத்திருந்தீர்கள், கிழக்கு ஓரத்தில், துணி விரித்து அதன்மேல் வைத்திருந்தீர்கள் என்றேன். துணி, துணி என்று இரண்டு தடவை தனக்குள் சொல்லிக்கொண்டார். சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஏன் எடுத்தாய் என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன்.

"மிசினு முடிச்சுப்போட்டா பாவாயி என்ற காட்டுக்கு இனி வரவே மாட்டாளுங்க. நீங்க டிப்போல நாப்பது அம்பது பேரோட இருந்தீங்க. எனக்கு இந்தக் கூட்டந்தான் இருந்துச்சு. அதையும் நீங்க பஸ் ஸ்டாப்புல நின்னு வேண்டாமுன்னு சொல்லிப்போட்டீங்க."

உலை கொதித்து அடங்கிப்போயிற்று.

"எனக்கு இப்ப டிப்போவும் இல்லியே" என்றார். எழுந்து போய்க் கையைக் கழுவினார்.

பாவி, பாவி என்று என்னையே திட்டிக்கொண்டு மீதி அரிசியைப் போட்டேன். எத்தனை டம்ளர் என்று எனக்கும் தெரியவில்லை.

செப்டம்பர் 1

விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் எங்கோ கிளம்பினார். மத்தியானம் வந்தார். எங்கே போனீர்கள் என்று கேட்டதற்கு, சும்மா என்றார். சாவி சாமி படத்துக்குக் கீழேயேதான் இருக்கிறது. மேகம் கலைந்துவிட்டது, இனி இவர் ஓட்ட வேண்டியதுதான், நான் குறுக்கே நிற்கப் போவதில்லை.

செப்டம்பர் 2

காலை ஏழு மணிக்கு மண்வெட்டிச் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். பாவாயி தன் கூட்டத்தோடு வரப்பில் நிற்கிறாள். எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. புளி ஊறப்போடவில்லை, பதினொரு பேருக்கு அரிசி எடுக்கவில்லை. அவசர அவசரமாகக் கொண்டையைப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

பாவாயி பழைய பாவாயியாக இருந்தாள். பக்கத்து வரிசையை எனக்கென்று விட்டு வைத்திருந்தாள். மண்ணை இழுத்துக்கொண்டே பேசினாள்.

"நேத்து நாங்க வேலைக்குப் பொறப்படற நேரத்துல உங்கூட்டுக்காரரு என்ற ஊட்டுக்கே வந்துட்டாருங்க அம்மிணி. எல்லாருக்கும் முன்னால நின்னு சொன்னாரு. பின்னத் தொலச்சுப்போட்டேன், எங்க வெச்சேன்னு எனக்கே தெரியல, அண்ணனுக்கு வந்த மறதி எனக்கும் வந்துருச்சு, இனி என்னால மிசினெல்லாம் ஆவாது, நீங்க வந்தாத்தான் மஞ்சளு பொழைக்குமுன்னாரு. அப்படி ஒரு மனுசன் வந்து கேட்ட பொறகு நாங்க வராம இருப்பமா?"

எனக்கு மண்வெட்டி ஓடவில்லை. மறதி என்கிற அந்தச் சொல்லுக்குத்தான் இவர் நாலு நாளாகச் சோறு தின்னாமல் கிடந்தார். அதையே கொண்டுபோய்ப் பதினொரு பேருக்கு முன்னால் தன் தலையில் தானே போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். யார் கேட்டார்கள் இவரை. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எதையும் என்னைக் கேட்டுச் செய்கிற பழக்கமே இந்த மனிதருக்கு இல்லை. இன்றைக்குச் சாயங்காலம் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். நாச்சிமுத்து இனி இவரைப் பார்த்தால் குரலை உயர்த்தி ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திப் பேசுவார். இல்லை, அவருக்கு மறதி இல்லை என்று சொல்ல எனக்கு வாய் ஏது. சொன்னால் பின் எங்கே போயிற்று என்று பாவாயி கேட்பாள்.

பாவம், பார்த்துக்கொள்ளுங்கள் என்று பாவாயி சொன்னாள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அழுகை வந்தது, வியர்வையைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டேன்.

பத்தரைக்கு இவர் பெரிய தூக்குப்போசியில் டீ கொண்டுவந்தார். தானே போட்டதாம். எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, கடைசியில் என் டம்ளரை என் கையில் கொடுத்தார். முகத்தைப் பார்த்தேன், அதில் எனக்கென்று ஒன்றும் வைத்திருக்கவில்லை. பாவாயி ஒரு வாய் குடிக்கும் முன்னாலேயே, சர்க்கரை போட்டீர்களா, மறந்துவிட்டீர்களா என்று கேலி செய்தாள். வரிசை முழுக்கச் சிரித்தது.

"அட, மறந்தே போயிட்டனாட்ட இருக்குது" என்று இவரும் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

டீயில் சர்க்கரை சரியாகத்தான் இருந்தது.